காது: அம்மா

ஜனவரி 3, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் இந்த வருஷமும் டைரி கொடுத்தார். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, இரத்த வகை, எடை என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். என் எடையை எழுதி நாட்டுக்கு என்ன ஆகப் போகிறது? எடைக்கு விட்ட இடத்தில் பிள்ளைகளின் விவரத்தை எழுதப் பார்த்தேன். இடம் பற்றவில்லை. ஆகவே இங்கே.

மூத்த பேத்தி பிரவீணா, என் மகன் பூபதியின் மகள். நெதர்லாந்தில் வேலை. கம்ப்யூட்டரில் எதையோ பாதுகாக்கிறாள். எதை என்று பலமுறை விளக்கினாள். அது என்னிடமிருந்தும் பத்திரமாக இருக்கிறது. ஆபீசில் போன வருஷத்துச் சிறந்த ஊழியர்.

பேரன் கௌசிக், ஈரோட்டில் இருக்கிற என் மகள் ஈஸ்வரியின் மகன். ஆடிட்டர் பரீட்சையில் முதல் தடவையே தேறினான். ஈஸ்வரி இதைப் படித்தால் சிரிப்பாள். அதற்கு முன்னால் எழுதியதெல்லாம் ஒத்திகை என்பது என் கணக்கு.

சின்னப் பேத்தி ஹரிணி, கௌசிக்கின் தங்கை. சிலம்பத்தில் மாநில அளவில் வெண்கலம். மூன்றாவது என்று யாரும் சொல்லக் கூடாது. மாநிலத்தில் எத்தனை கோடிப் பேர் சிலம்பம் சுற்றாமலே இருக்கிறார்கள்!

இதெல்லாம் எங்கள் கணபதி வட்டாரத்தில் பால்காரர் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லாருக்கும் மனப்பாடம். சிலிண்டர் போடுகிறவர் இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியிலேயே உருட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார்.

பூபதியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டால், இது சின்னவர்கள் பட்டியல். அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஜனவரி 6, திங்கள்

பூபதி கணக்கு எழுதிக்கொண்டிருந்த மோட்டார் பம்பு கடையைத் தீபாவளியோடு மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்க்கிறான். டிவியைப் போடுவதில்லை. போட்டுப் பார்த்தால் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிவிடலாம். போடாமல் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது?

என் மருமகள் சாந்தாமணி சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தாள். "ஏனுங்க அத்தை, நீங்களாச்சும் ஏதாச்சும் சொல்லுங்க. இப்பிடியே உக்காந்திருந்தா மனுசன் என்னத்துக்கு ஆவாரு?"

சொன்னேன். "பூபதி, கொத்தமல்லித் தழை வாங்கிட்டு வா சாமி" என்றேன். போனான், வாங்கி வந்தான், திரும்ப உட்கார்ந்தான். வீட்டில் இப்போது கொத்தமல்லித் தழை ஏராளம்.

ஜனவரி 7, செவ்வாய்

கொத்தமல்லித் துவையல். இந்த டைரி பிரிட்ஜ் மேல் கிடக்கிறது. சாந்தாமணி எடுத்துப் படிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். துவையல் பிரமாதம்.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி. சொந்தக்காரர் இல்லை, சென்னையிலிருந்து ரிஸ்வான் என்று ஒரு தம்பி. முதுகில் பை, காதில் ஒன்று, கழுத்தில் ஒன்று. மீட்டர் பார்க்க வந்தவர் என்று நினைத்து வெளியிலேயே பெட்டியைக் காட்டினேன்.

"பாட்டி, 'பொன்வண்டு' பூபதி சார் வீடு இதுதானே?"

பொன்வண்டு! அந்தப் பேரை இந்த வீட்டில் சொல்லி எத்தனை காலமாயிற்று. பூபதி சின்ன வயதில் மூன்று சினேகிதர்களோடு நடத்திய கம்பெனி அது. கிரைண்டர் கல் கொத்துகிற கடைக்கு மாடியில் ஒரே அறை. டிவியில் செருகி விளையாடுகிற கேசட் இருந்ததே, அதற்குக் கேம் செய்தார்கள். 'தாவு தங்கப்பன்' என்று ஒன்று. வேட்டி கட்டின குட்டி ஆள் தென்னைக்குத் தென்னை தாவுவான். 'பஞ்சு மில் பேய்' என்று இன்னொன்று. அதற்கெல்லாம் பாட்டுப் போட்டவன் பூபதி. கல் கொத்துகிற சத்தத்தில் பாட்டுப் போட முடியாது என்று அதை மட்டும் வீட்டில் உட்கார்ந்து செய்வான்.

நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோது எவனோ இவர்கள் கேமைத் திருடி, நூறு கேம் ஒரே கேசட்டில் என்று மலிவாக இறக்கினான். கம்பெனி படுத்துவிட்டது. சினேகிதர்கள் அமெரிக்கா போனார்கள். இவன் பம்பு கடைக்குப் போனான்.

ரிஸ்வான் சொல்கிற கதை வேறு. அந்தத் திருட்டு கேசட் உலகமெல்லாம் போயிருக்கிறது. பின்லாந்து என்கிற குளிர் தேசத்தில் பிள்ளைகள் தங்கப்பன் பாட்டைக் கேட்டு வளர்ந்து, இப்போது தாடி வைத்த பெரிய ஆட்களாகி, அதையே செல்போன் மணியாக வைத்திருக்கிறார்களாம். பொன்வண்டு பாட்டையெல்லாம் சேர்த்து இசைத்தட்டாகவே போடப் போகிறார்களாம். கறுப்பாக, பெரிதாக, அந்தக் காலத்து மாதிரி.

"அந்த மெஷின்ல ஒரே நேரத்துல மூணு சுரம்தான் வரும் பாட்டி. கூட 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல். அவ்ளோதான். அத வச்சிக்கிட்டு சார் என்ன பண்ணியிருக்காரு தெரியுமா?"

எனக்குத் தெரியாதா? பொழுதன்னைக்கும் கேட்டவள் நான். மெஷினில் இடம் குறைவு என்பதால் பாட்டு சின்னதாக இருக்கும். முடிந்ததும் முதலிலிருந்து திரும்ப ஓடும். ஓடிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவனுக்குச் சலித்துவிடக் கூடாது என்பதற்காகப் பூபதி ஒரு வழி வைத்திருந்தான். காலையில் பாட்டைப் போட்டுவிட்டுக் கம்பெனி மாடிக்குப் போய்விடுவான். நான் சமைத்துக்கொண்டிருப்பேன். "அந்தக் கெரகத்த நிறுத்துடா" என்று நான் கத்தினால் அந்தப் பாட்டு பெயில். பாட்டு ஓடுவதே மறந்து நான் என் வேலையைப் பார்த்தால் பாஸ். இப்படி ஒரு பரீட்சை நடக்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளை இத்தனை பரீட்சைக்கு உட்கார வைத்தது அவன் ஒருவன்தான்.

"கேமை முழுசா ஜெயிச்சா கடைசில பேரெல்லாம் வரும்" என்றான் ரிஸ்வான். "கதை இவரு, படம் இவரு, இசை பூபதி. அதுக்குக் கீழ, 'காது: அம்மா'. அந்த அம்மாவப் பாக்கணும்னுதான் வந்தேன்."

நான் பூபதியைப் பார்த்தேன். அவன் டிவியைப் பார்த்தான். அந்தக் கேமை எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததே இல்லை. நான் ஆடினால் தங்கப்பன் முதல் மரத்திலேயே விழுவான். கதையே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வந்த காரியம் இது. பொன்வண்டின் கடைசி கேம் 'நொய்யல்'. ஒரு பரிசல்காரன் அந்த ஆற்றில் போகிற கதை. முடிப்பதற்குள் கம்பெனி மூடிவிட்டது. அதன் கடைசிக் கட்டத்துக்குப் பூபதி போட்ட பாட்டு எந்தக் கேசட்டிலும் ஏறவில்லை. கம்ப்யூட்டரை விற்றபோது அதோடு போய்விட்டது. அந்த ஒன்று கிடைத்தால் இசைத்தட்டு முழுசாகும்.

"சார், கொஞ்சம் வாசிச்சுக் காட்டினீங்கன்னா போதும்."

"நாபகமில்லீங்க தம்பி" என்றான் பூபதி. குரலில் ஒன்றுமில்லை. வலது கை விரல்கள் மட்டும் சோபாவின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்தன. கொசுவாக இருக்கும்.

ரிஸ்வானின் முகம் சுருங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினான். "பாட்டி, உங்களுக்கு?"

"நாபகம் இல்லாமெ?" என்றேன். "அடுத்த வாரம் வாங்க தம்பி, பாடிக் காட்டறேன்."

வாய் முந்திக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடு இல்லை. எதிர்வீட்டு நாச்சிமுத்து தன் காருக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்து, தெருவிலிருந்து உள்ளே ஏற்ற முடியாமல் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே இருந்தார்.

பாட்டை நினைத்துப் பார்த்தேன். எண்பதைத் தாண்டிய மண்டை; ரேஷன் கார்டை எங்கே வைத்தேன் என்பதே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மானம் போகப் போகிறது.

ஜனவரி 19, ஞாயிறு

போகவில்லை. இன்றைக்கு நான் ஒரு பாடகி.

ரிஸ்வான் மைக்கை என் மூக்குக்கு நேரே கட்டிவிட்டான். சாந்தாமணியிடம் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொடையில் தட்டிக்கொண்டு, கச்சேரிக்காரர்கள் பண்ணுகிற அத்தனை சேட்டையும் பண்ணி, வந்ததைப் பாடினேன். தானே தானனா, தானே தானனா, தீதீ. திரும்ப முதலிலிருந்து.

தம்பி உருகிப் போனான். "என்ன சிம்பிளா இருக்கு! பின்னால போறப்ப வர்ற ஒரு சோகம் இருக்கு பாட்டி இதுல. ஆறு பின்னோக்கிப் போற மாதிரி." எனக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு இருக்கிறதென்று பாடும்போது தெரியவில்லை.

பூபதி படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். இரண்டாவது சுற்றுப் பாடும்போது கதவு கொஞ்சம் திறந்தது. மூன்றாவது சுற்றில் படாரென்று மூடிக்கொண்டது. காற்றாக இருக்கும்.

தம்பி போனதும் சாந்தாமணி கேட்டாள். "ஏனுங்க அத்தை, நீங்க பாத்தரம் வெளக்கறப்ப ஒண்ணு முணுமுணுத்துட்டே இருப்பீங்களே, நானும் கலியாணமாயி வந்த நாள்ல இருந்து கேட்டிட்டிருக்கறேன். அதில்லீங்ளே இது?"

அவளுக்குக் காதில் அழுக்கு. தேங்காய் எண்ணெய் விடச் சொன்னேன்.

ஜனவரி 27, திங்கள்

ரிஸ்வான் போன் பண்ணினான். நான் பாடியதை மூன்று சுரமும் ஒரு உஸ்ஸுமாக மாற்றி, 'நொய்யல், காணாமல் போன பாட்டு, இசை பூபதி' என்று இன்டர்நெட்டில் போட்டுவிட்டானாம். அரை மணிக்குள் பின்லாந்துக்காரர் ஒருவர் அழுதுவிட்டாராம். சாந்தாமணியின் போனுக்கும் அனுப்பினான்.

இஸ்திரிக்காரரிடம் சொன்னேன். "ஏனுங்க, பேத்திதான் வெளிநாட்ல இருக்குதுன்னீங்க, இப்ப நீங்களும் போயிட்டீங்களா?" என்றார். குரல் மட்டும்தான் போயிருக்கிறது என்றேன்.

பூபதியிடம் சாந்தாமணி போனை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. சாப்பாடு பாதியில் எழுந்துவிட்டான். ராத்திரி தூங்குவதில்லை என்கிறாள். இந்த மாதிரி ஒரேயடியாகப் பேச்சு நின்றுபோன மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவன் அப்பாவும் மில் மூடியபோது இப்படித்தான் ஆனார். அவரைத் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. இதை எழுதியிருக்கக் கூடாது, சாந்தாமணி படிப்பாள். சாந்தாமணி, பயப்படாதே. அடுத்த பக்கத்துக்குப் போ.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதினால் என் கௌரவத்துக்குக் குறைவு. இருந்தாலும் எழுதுகிறேன். கௌரவம் ஏற்கெனவே காரில் ஏறிப் போய்விட்டது.

காலையில் சாந்தாமணி வாசலில் கோலம் போட்டபடி போனில் என் பாட்டை ஓடவிட்டிருந்தாள். தானே தானனா, தானே தானனா, தீதீ. அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து காரைப் பின்பக்கமாக எடுத்தார். அவர் கார் பின்னால் வரும்போது ஒரு பாட்டுப் பாடும். தானே தானனா, தானே தானனா, தீதீ.

போனும் காரும் சேர்ந்து பாடின. ஒரு சுரம் பிசகவில்லை.

சாந்தாமணி கோலப்பொடியோடு அப்படியே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து பூபதி வந்தான். கொத்தமல்லி வாங்கச் சொல்லாமல் அவன் தானாக வாசலுக்கு வந்தது தீபாவளிக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பனியனோடு வந்தான்.

"ஏனுங்மா! இது நாச்சிமுத்தண்ணன் கார் ரிவர்ஸ் எடுக்கற சத்தமில்லீங்ளா?"

"அப்பிடியா?" என்றேன். "ஒண்ணாட்டந்தான் கேக்குது. அவிங்க நம்முளதக் காப்பியடிச்சிருப்பாங்க."

"என்னங்மா நீங்க! உலகம் பூரா என்ற பேரப் போட்டு, காரை ரிவர்ஸ் எடுத்துட்டு அழுதுட்டிருக்கறானுங்க!"

நாச்சிமுத்து கண்ணாடியை இறக்கி, "என்னாச்சு பூபதி, இடிச்சுப்போட்டனா?" என்றார்.

"இல்லீங்கண்ணா, நீங்க நல்லாப் பாடறீங்க" என்றான் பூபதி. எத்தனை காலத்துக்குப் பிறகு அவன் வாயில் குசும்பு! சாந்தாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

உடனே ரிஸ்வானுக்குப் போன் போட்டான். "தம்பி, அத எடுத்துருங்க. அது என்ற பாட்டு இல்ல."

போனில் தம்பி சொன்னது எனக்கும் கேட்டது. இசைத்தட்டு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அட்டையில் நொய்யல் பேரைப் போட்டாயிற்று. "கரெக்ட்டான பாட்ட நீங்களே குடுத்துட்டீங்கன்னா மாத்திடலாம் சார். இல்லன்னா பாட்டி பாடினதுதான் போகும். இப்பவே நிறையப் பேருக்கு அது பிடிச்சிருக்கு."

"நாபகமில்லைன்னு சொன்னனல்ல" என்று போனை வைத்துவிட்டு, திரும்பிப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தான்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உடு சாமி. கார் பாட்டும் நல்லாத்தான் இருக்குது. இனி உன்ற பேரச் சொன்னா அதுதான்னு ஆயிப்போச்சு. என்ன பண்றது, எனக்கும் வயசாச்சு."

பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. அவன் பல்தான். எனக்கு ஏது பல்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மத்தியானம் ரசத்தைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டாவது அடி எறங்கோணும். ஏறப்புடாது."

"ரசத்துக்கா?" என்றாள் சாந்தாமணி.

"ஒண்ணுமில்ல" என்றான்.

பிப்ரவரி 5, புதன்

பூண்டு உரித்தேன், அவரைக்காய் ஆய்ந்தேன், அலமாரி துடைத்தேன். வேலை செய்கிறபோது பாடினால் அலுப்புத் தெரியாது என்பார்கள். ஆகவே கார் பாட்டைக் காலையிலிருந்து பாடிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது அடியில் நன்றாக ஏறினேன். தொண்டை கட்டிக்கொண்டது.

பிப்ரவரி 6, வியாழன்

மதியம் பரணில் தடபுடவென்று சத்தம். எலி என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனால், ஏணி மேல் பூபதி. பிரவீணா பள்ளிக்கூடத்தில் படித்தபோது வாங்கிய சின்னக் கீபோர்டைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கினான். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. உட்கார்ந்து பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுத்தம் பண்ணினான். என் பல்செட்டைத் தேய்க்கிற பிரஷ் அது.

பிறகு செருப்பை மாட்டினான். "ஏனுங்க, எங்க?" என்றாள் சாந்தாமணி.

"பேட்டரி வாங்கறதுக்கு."

"கொத்தமல்லி?" என்றேன் பழக்கதோஷத்தில். சாந்தாமணி என் கையை அழுத்தி வாயடக்கினாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூபதியே கூப்பிட்டு ரிஸ்வான் வந்தான். பழைய டிவி கேம் மெஷினும் லேப்டாப்பும் வயர்களும் கூடத்தை அடைத்துவிட்டன. மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் சமையலறைக் கதவருகே நின்றுகொண்டேன். எனக்கு இதில் என்ன வேலை, சாதம் அடுப்பில்.

பூபதி கீபோர்டைத் தொடாமலே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். "தம்பி, இந்த மூணுல ஒண்ணத் துடுப்புக் கட்டைக்குக் குடுங்க. தொப்பு, தொப்புன்னு. அது நிக்கவே கூடாது. இந்த உஸ்ஸு தண்ணியில்ல, மணல். அந்தக் கட்டத்துல ஆத்துல தண்ணி தீர்ந்துபோகும். பரிசல் மணல்ல இழுபடும். மேல இருக்கற சுரம் கரையில இருந்து ஒருத்தர் கூப்புடற மாதிரி. ஆனா யாரும் இருக்க மாட்டாங்க."

வாசித்தான்.

எப்படியிருந்தது என்று எழுத எனக்கு வராது. இரண்டாவது அடி இறங்கியது. அதை மட்டும் சொல்கிறேன். இறங்கி, தரையைத் தொடுவதற்குள் எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

அது ஓடியது, முடிந்தது, முதலிலிருந்து ஓடியது. சாந்தாமணி தட்டுகளை எடுத்து வைத்தாள். நாச்சிமுத்து கீரை கொடுக்க வந்து, பேசிவிட்டுப் போனார். அது ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. சாதம் குழைந்துவிட்டது.

"இதப் போட்ட அன்னிக்கு ஊட்ல காத்தால இருந்து ஓடவிட்டுட்டுப் போனனுங்க" என்றான் பூபதி, ரிஸ்வானிடம். "பொழுது சாயறப்பத் திரும்பி வந்தேன். அப்பவும் ஓடிட்டிருந்துது. அம்மா நிறுத்தச் சொல்லவே இல்ல. பாஸாயிருச்சுன்னு பசங்ககிட்டச் சொல்லலாம்னு திரும்பக் கம்பெனி மாடிக்கு ஓடறேன், அங்க மேசையெல்லாம் தூக்கிட்டிருக்கறாங்க. நான்தான் வந்து ஆஃப் பண்ணினேன். அதுக்கப்பறம் கை வைக்கல."

எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. பாட்டு ஏன் நின்றது என்று மட்டும் நினைத்தேன்.

ரிஸ்வான் வயரைச் சுருட்டும்போது பூபதி சமையலறைக்கு வந்தான். தண்ணீர் குடித்தான். டம்ளரை வைக்காமலே கேட்டான்.

"ஏனுங்மா. நெசமாலுமே மறந்து போச்சுங்ளா?"

"என்றகிட்டக் கேக்கற கேள்வியா இது? ரேசன் கார்டே எங்கன்னு தெரியல" என்றேன்.

சித்த நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்புதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பட்டியலில் ஒரு சேர்க்கை. மகன் பூபதி, வயது ஐம்பத்தெட்டு. இசையமைப்பாளர். வெளிநாட்டில் தட்டு வருகிறது. சிலிண்டர்காரரைக் கேட்டுக்குள் வரவழைத்து, மோர் கொடுத்து, உட்கார வைத்துச் சொன்னேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ரிஸ்வானின் சினேகிதர்கள் யாரோ புதிதாகக் கேம் செய்கிறார்களாம். அதற்குப் பாட்டுப் போடச் சொல்லிப் பூபதியைக் கேட்டிருக்கிறார்கள். காலையில் ஒன்றை ஓடவிட்டுவிட்டுக் காய்கறி வாங்கப் போனான். சகிக்கவில்லை. பொறுத்துப் பார்த்தேன். அவன் தெருமுனையில் வரும்போதே கேட்கும்படி, "அந்தக் கெரகத்த நிறுத்துடா" என்று கத்தினேன். ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

மாலையில் பிரவீணா வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பத்தா, ரிஸ்வான் அண்ணன் வீடியோ போட்டிருக்கறாரு, பாத்தீங்களா? அப்பா நொய்யல் வாசிக்கறது."

"பாட்டுத்தான் நேர்ல கேட்டனே கண்ணு."

"பாட்ட உடுங்க. பின்னாடி சமையக்கட்டுக் கதவுகிட்ட நீங்க நிக்கறது தெரியுது. உங்க வாய் அசையுது அப்பத்தா."

"வெத்தலை மென்னிருப்பேன்."

"அப்பா ஒவ்வொரு சுரமும் வாசிக்கறதுக்கு முன்னாடியே அசையுது! கீழ அல்லாரும் அதத்தான் எழுதறாங்க. பின்லாந்துல ஒருத்தரு மெதுவா ஓட்டிப் பாத்து, 'இந்தப் பாட்டிக்கு முழுசும் தெரியும்'னு போட்டிருக்கறாரு. எங்கம்மாகிட்டக் கேட்டா சிரிக்கறாங்க. அப்ப கார் பாட்டு?"

போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சாந்தாமணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். பூபதி இன்னும் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் காலையில் அப்படிச் சிரித்திருப்பானா? அல்லது பார்த்ததனால்தான் சிரித்தானா?

உடனே ரிஸ்வானைப் பிடித்தேன்.

"தம்பி, அந்த வீடியோவ எடுத்துருங்க. கூட்டிப் பெருக்காத ஊடு தெரியுது. அதுக்குப் பதுலா ஒரு போட்டாப் போடுங்க. பூபதி சட்டை போட்டுட்டு, தலை சீவி, கீபோர்டு முன்னால உக்காந்திருக்கற மாதிரி."

"உங்களையும் சேத்துத்தான் எல்லாரும் கேக்குறாங்க பாட்டி. நீங்க இல்லாம எப்படி?"

"அப்பிடி நானும் வந்துதான் ஆகோணும்னா, நேர்ல வந்து புதுசா ஒண்ணு எடுத்துப் போடுங்க" என்றேன். "வாயை மூடிட்டு நிக்கறேன்."